ரெஃபரெண்டம் – பொதுவாக்கெடுப்பு

ராமேசுவரம், தங்கச்சிமடம் பக்கம் இந்தச் சொல் அக்கரையிலிருந்துதான் வந்து சேர்ந்தது. ஒரு கேள்வியை நேராக மக்களிடமே வைத்து 'ஆம்', 'இல்லை' என்று வாக்குக் கேட்பதுதான் ரெஃபரெண்டம். நம் அரசமைப்பில் இப்படியொரு வாக்கெடுப்புக்கு வழி வைக்கவில்லை. இலங்கைத் தமிழர்கள் இதைச் 'சர்வசன வாக்கெடுப்பு' என்பார்கள்.

லத்தீனில் ரெஃபரெண்டம் என்றால் 'திரும்பக் கொண்டுபோக வேண்டியது'. பழைய சுவிட்சர்லாந்தில் கூட்டமைப்பு மன்றத்துக்குப் போன பேராளர்கள், தங்களுக்கு அதிகாரம் இல்லாத விஷயங்களைச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கினார்கள். அதாவது, அனுப்பியவர்களிடமே போய்க் கேட்பது. நல்ல வழக்கம்தான்.

அதிகாரத்தை விட மனமில்லாதவர்களுக்கும் இது பிடித்துப்போனது. 1934-இல் ஜனாதிபதி பதவியையும் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஹிட்லர் மக்களிடம் ஒப்புதல் கேட்டார். பாகிஸ்தானில் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் 1984-இல் கேட்டது, சட்டங்களை இஸ்லாமிய நெறிக்கு ஏற்ப மாற்றுவது சரியா என்று. 'ஆம்' என்றால் அவரே ஐந்து ஆண்டுக்கு ஜனாதிபதி! இறைநம்பிக்கை உள்ளவர் எப்படி 'இல்லை' என்று போடுவார்?

நம் கடற்கரையைத் தொட்டது இலங்கையில் 1982 டிசம்பர் 22-இல் நடந்த வாக்கெடுப்பு. அங்கே ஜனாதிபதியாக இருந்த ஜெயவர்த்தனா தேர்தலில் வென்று வந்தவர்தான். ஆனால் 1977-இல் நாடாளுமன்றத்தில் கிடைத்த ஆறில் ஐந்து பங்கு பலத்தை இழக்க அவர் விரும்பவில்லை. பொதுத்தேர்தலே வைக்காமல் அந்த நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டார். 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குக் குடம். அவசரநிலைக்கு நடுவே நடந்த அந்த வாக்கெடுப்பில் சுமார் 54.7 சதவீதம் விளக்குக்கு விழுந்தது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்கே போட்டது.

ஒழுங்காக 1983 ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டிய நாடாளுமன்றம் அது. அதே மாதம் அதுவே அரசமைப்பின் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றி, தனிநாடு கேட்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற தமிழ்க் கட்சியின் உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அந்த ஆண்டு தமிழர்களுக்கு எதிராக நடந்த ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்த மக்களுக்காகப் பேச, அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போனார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989-இல்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பொதுவாக்கெடுப்பு' போதும், எளிதாகப் புரியும். 'கருத்து வாக்கெடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விழுந்த வாக்கு வெறும் கருத்தாக நிற்பதில்லை, பல நாடுகளில் அதுவே சட்டமாகிவிடுகிறது. 'கருத்துக்கணிப்பு' முற்றிலும் வேறு. அது சிலரிடம் மட்டும் கேட்டுப் போக்கை அறிவது.