செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஜன்னல்

செயற்கைக்கோள் படங்களை வைத்து நான் வரைந்த வரைபடத்தில் வடசென்னையின் ஒரு தெருவை மஞ்சளாகக் குறித்திருந்தேன். காசநோய் பரவும் வாய்ப்பு நடுத்தரம் என்று பொருள். கான்கிரீட் கூரைகள், ஓரளவு அகலமான தெரு, வரிசை தப்பாத வீடுகள். நேரில் போனோம். ஒரு வீட்டில் பத்துக்குப் பத்து அறை. ஐந்து பேர் படுக்கிறார்கள். இருந்த ஒரே ஜன்னலை மறைத்துக்கொண்டு இரும்பு பீரோ நின்றது. “வேறு எங்கே தம்பி வைப்பது?” என்று அந்த அம்மா கேட்டார். அவருடைய மகன் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார்.

காசநோய்க் கிருமி தட்டிலோ துணியிலோ ஒட்டி வருவதில்லை. இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். வெளிக்காற்று வந்தால் கலைந்து போகும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ஜன்னல், கதவுகளைத் திறந்துவைத்து அளந்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் அறைக்காற்று மணிக்கு 28 முறை மாறியது தெரிந்தது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனி அறைகளுக்குக் கணக்கு 12 முறைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே முன்னணியில் இருந்தன.

இதையெல்லாம் வானிலிருந்து எப்படிப் பார்ப்பது? சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் இலவசப் படத்தில் ஒரு பிக்சல் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நெருக்கமான குடிசைப் பகுதியில் நாலைந்து வீடுகள் அந்த ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடும். நம் நாட்டுச் செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் வரை பிரித்துக் காட்டுகிறது. அதில் தகரக் கூரையையும் கான்கிரீட்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். வீடுகளுக்கு இடையிலான சந்தின் அகலத்தை அளக்கலாம். படம் எடுத்த நேரத்தில் சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது தெரியும். ஆகவே நிழலின் நீளத்தைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தையும் கணக்கிடலாம்.

என்னைக் கேட்டால், கூரையைவிட அந்த நிழல்தான் முக்கியம். மும்பை கோவண்டி, மான்கூர்த் பகுதியில் குடிசைகளை அகற்றி மறுகுடியமர்த்திய அடுக்குமாடிகளை மேலிருந்து பாருங்கள்: நேர்த்தியான வரிசை, உறுதியான கூரை. கூரையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் நல்ல வீடுகள் என்றே வரும். ஆனால் லல்லுபாய் காம்பவுண்ட், நத்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற இடங்களில் கட்டடங்களுக்கு நடுவே ஏறக்குறைய மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அங்கே நடந்த ஆய்வு காசநோயை இந்த வெளிச்சக் குறைவோடும் காற்றோட்டக் குறைவோடும் தொடர்புபடுத்தியது. கட்டட உயரத்தோடு இடைவெளியை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், செங்கல் வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி தருபவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் பீரோவை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. அப்படியானால் வரைபடம் எதற்கு? சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வீட்டிலும் மறுபாதியினருக்குச் சானடோரியம் எனப்படும் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை தந்து ஒப்பிட்டது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. மருந்து சாப்பிடுபவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருக்கும் மாதங்கள்தான் ஆபத்தானவை. எக்ஸ்ரே வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று வரைபடம் சொன்னால் அந்த மாதங்கள் குறையும். எங்கள் வேலையின் பயன் அதுதான்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நோயாளியின் வீட்டை வரைபடத்தில் புள்ளியாக வைக்காதீர்கள். கூரை தெரியும் படத்தில் புள்ளி வைப்பது வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதற்குச் சமம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள். தெருக்களைத் தொகுத்துப் பெரிய கட்டங்களாக மட்டும் காட்டுங்கள்.

அந்த அம்மாவின் மகனுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. மருந்து தொடங்கியாயிற்று, வீட்டில் மற்ற நால்வருக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. பீரோவை நானும் சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து வாசல் பக்கச் சுவருக்கு நகர்த்தினோம். ஜன்னலின் கொக்கி துருப்பிடித்திருந்தது. தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.