ராயபுரத்து மணல் மெரினாவில் என்ன செய்கிறது?

திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: மெரினாவில் ரோட்டிலிருந்து அலையைத் தொட நடப்பதற்குள் கால் ஓய்ந்துவிடுகிறது, எங்கள் பக்கம் வந்தால் மணலே இல்லை, பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஒரே ஊர் ஒரே கடல்தானே? அந்த மணலில் கொஞ்சம் அள்ளி இங்கே போட்டால் என்ன?

நல்ல கேள்வி. இரண்டாவது பாதி இன்னும் நல்ல கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1640-களில் கோட்டை கட்டிய காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். மசூலா என்பது ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அறைந்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. (அதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.) 1870-களின் நடுவில் கடலுக்குள் இரண்டு கல் கரங்களை நீட்டி, கிழக்கே வாசல் வைத்துத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். முடியப்போகிற நேரத்தில், 1881 நவம்பரில் புயல் வந்து சுவர்களைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டினார்கள். ஆனால் அந்தத் துறைமுகத்துக்கு நிஜத் தலைவலி புயல் இல்லை, மணல்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி, தோராயமாக மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருகின்றன. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். கைகோத்து வரிசையாக நடப்பவர்களில் ஓர் ஓரத்தில் இருப்பவர் மட்டும் சேற்றில் இறங்கினால் மொத்த வரிசையும் அந்தப் பக்கம் திரும்புமே, அது மாதிரி அலையும் கரையைப் பார்த்துத் திரும்புகிறது. ஆனால் முழுசாகத் திரும்புவதற்குள் உடைந்துவிடுகிறது. அந்த மிச்சச் சாய்வில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது. உடைந்த அலை மணலைத் தூக்கிக்கொண்டு கரையில் சாய்வாக, வடமேற்குப் பார்த்து ஏறும். திரும்பி இறங்கும்போது அதை இழுப்பது புவியீர்ப்பு. அதற்கு வடக்கும் தெரியாது தெற்கும் தெரியாது, சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே நேராக இழுக்கும். ஏறும்போது சாய்வு, இறங்கும்போது நேர். ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் ரம்பப் பல் போல ஓர் அடி வடக்கே நகர்ந்துவிடுகிறது. அப்புறம் அடுத்த அலை, அதற்கடுத்த அலை, ராத்திரி பகல் லீவே கிடையாது.

கரையில் நமக்குத் தெரிவது இந்த ரம்பப் பல் மட்டும்தான். அலை உடையும் இடத்தில் கலங்கி மிதக்கும் மணலைக் கரையோர நீரோட்டம் அள்ளிக்கொண்டு போவது இதைவிடப் பெரிய வேலை. தெற்கிலிருந்து வடக்கே போகும் அந்த ஓட்டத்தைச் சென்னைக் குப்பங்களில் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. வடகிழக்குப் பருவக்காற்றில் வன்னி வந்து கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் தெண்டி காலம்தான் நீளம். கணக்கு முடித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. கரையை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகச் சுவர் அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணை. தெற்கே மணல் தேங்கியது, கடல் பின்வாங்கியது, அந்தப் புது மணலை ஒட்டித்தான் 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். தேங்கிய மணல் சுவரைச் சுற்றிக் கிழக்கு வாசலை அடைக்கப் பார்த்தது. 1904-ல் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலையே மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். வடக்கே என்ன ஆனது? அங்கேயும் அலை அதே சாய்வில்தான் வருகிறது, மணலைத் தூக்கும் தெம்பும் அப்படியே இருக்கிறது, தெற்கிலிருந்து வர வேண்டிய சரக்கு மட்டும் வரவில்லை. அதனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று இருக்கிற கரையையே எடுத்துக்கொள்கிறது. ஓர் இடத்தில் கல் கொட்டினால் அந்த இடம் தப்பும், பசி அடுத்த குப்பத்துக்குப் போகும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் நீட்டியதும் ஊரின் மணற்கரை காணாமல் போனது இதே கதைதான். இதற்குப் போய்க் கடல் கோபம், ஊர் செய்த பாவம் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியிருந்தார். பாவம்தான், ஆனால் கடல்மேல் பழி போடாதீர்கள்.

சரி, மணலை அள்ளிப் போடலாமா? போடலாம். விசாகப்பட்டினத்தில் 1933-ல் துறைமுகம் திறந்தபோதே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைத்தடுப்பு ஆக்கி, அதன் மறைவில் மணலைத் தேங்க விட்டார்கள். தேங்கியதைத் தோண்டி வடக்கே இருக்கும் கடற்கரையில் கொட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். புதுச்சேரித் திட்டத்திலும் இந்த ஏற்பாடு உண்டு, ஒழுங்காக நடக்கவில்லை. காரணம் எளிது, என் அபிப்பிராயம்தான்: கல் ஒருமுறை கொட்டினால் திறப்புவிழா வைக்கலாம், மணல் வருஷா வருஷம் அள்ள வேண்டும், அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. கரையை மாதாமாதம் அளந்து வைக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் கிடைக்காததும் அதே காரணத்தால்தான்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு ஜூலை சாயங்காலம் பெசன்ட் நகரில் அலை உடையும் இடத்தில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுவிட்டுக் கரையோடு கூடவே நடந்து பாருங்கள். நான் போட்டது அரை மணி நேரத்தில் அடையாற்று முகத்துவாரப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.