பாலத்துக்குத் தெரியாமல் கடக்கும் கப்பல்

ஜெர்மனியில் மாக்டேபுர்க் நகருக்குப் பக்கத்தில் எல்பே ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதில் ரயிலும் போகாது, லாரியும் போகாது. ஒரு கால்வாயே போகிறது. 918 மீட்டர் நீளமுள்ள தொட்டி, 4.25 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் சரக்குக் கப்பல்கள். 1,350 டன் கப்பல் ஒன்று பாலத்துக்குள் நுழைந்தால் பாரம் எவ்வளவு கூடும்? கொஞ்சமும் கூடாது.

ஆர்க்கிமிடீஸ் கண்டதுதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். கப்பல் உள்ளே வர வர, அதே 1,350 டன் தண்ணீர் தொட்டியிலிருந்து கால்வாய்ப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அடித்தளத்தை அழுத்துவது நீரின் ஆழம், அது மாறுவதில்லை. (ஓடும் கப்பல் கிளப்பும் சிற்றலைகளை விட்டுவிடுவோம்.) ஆக, பாலம் எப்போதும் சுமப்பது சுமார் 1,30,000 டன் தண்ணீரை. கப்பல் காலியாக வந்தால் என்ன, சரக்கோடு வந்தால் என்ன!

தலைவலி தருவது வெயில்தான். 100 மீட்டர் எஃகு 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். சாலைப் பாலத்தில் அதற்கு இடைவெளி விட்டால் போதும். இங்கே அந்த இடைவெளி நெகிழவும் வேண்டும், ஒழுகவும் கூடாது.

இதைக் கட்டும் வேலை 1930களிலேயே தொடங்கியது. போரால் 1942-இல் நின்றது. பிறகு நாடு இரண்டாகப் பிரிந்து, மேற்கிலிருந்து வரும் கால்வாயை எல்லைக்கோடு வெட்டியது. மாக்டேபுர்க் கம்யூனிஸ்ட் கிழக்கில் மாட்டிக்கொண்டது. பாலத்தை முடிக்க யாருக்கும் அவசரமில்லை. கப்பல்கள் ரோட்டன்சேயில் ஆற்று மட்டத்துக்கு இறங்கி, எல்பேயில் ஓடி, மறுகரையில் இன்னொரு கால்வாய்க்குள் புகுந்தன. 12 கிலோமீட்டர் சுற்று. சுற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; கோடையில் எல்பேயில் தண்ணீர் குறைந்தால் தரை தட்டாமலிருக்கப் பாதிச் சரக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டிவரும். இரண்டு நல்ல கால்வாய்களின் கொள்ளளவை நடுவிலிருந்த ஆறு தீர்மானித்தது.

1990-இல் நாடு ஒன்றானது. அடுத்த ஆண்டே கிழக்கையும் மேற்கையும் இணைக்க 17 போக்குவரத்துத் திட்டங்களை அரசு அறிவித்தது. பதினாறு ரயிலுக்கும் சாலைக்கும். பதினேழாவது மட்டும் நீர்வழி. பாலம் 2003 அக்டோபரில் திறக்கப்பட்டது.

பாலத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் கிழக்கு முனைக்கு அப்பால் ஹோஹென்வார்ட்டேயில் இருக்கும் மதகு. பாலத்தைக் கடந்த கப்பலை அடுத்த கால்வாயின் மட்டத்துக்கு 18 மீட்டருக்கு மேல் இறக்க வேண்டும். 190 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலமுள்ள அறைக்குள் கப்பலை விட்டுக் கதவை மூடி, தண்ணீரை வடிப்பார்கள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 44,000 கன மீட்டர். அத்தனையையும் கீழே விட்டால் மேல் கால்வாய்க்கு மறுபடி பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், கரண்ட் செலவு கட்டுப்படியாகாது.

அதனால் அறையின் பக்கத்தில் படிப்படியாக மூன்று தொட்டிகள். அறையிலுள்ள நீரை ஐந்து அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு நீர், தன்னைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும் முதல் தொட்டிக்குத் தானாகவே வடியும். இரண்டாம் அடுக்கு இரண்டாவது தொட்டிக்கு, மூன்றாவது அடுக்கு மூன்றாவதுக்கு. மிச்ச இரண்டு அடுக்குகள்தான் கீழே போகும். அப்புறம் அறையை நிரப்பும்போது தலைகீழ்: கடைசித் தொட்டியின் நீர் அறையின் அடிமட்டத்தை நிரப்பும், நடுத்தொட்டி அதற்கு மேல், முதல் தொட்டி அதற்கும் மேல். கால்வாயிலிருந்து எடுக்க வேண்டியது இரண்டே அடுக்கு. ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 சதவீதம் மிச்சம். இந்த மிச்சத்துக்குப் பம்ப் தேவையில்லை, புவியீர்ப்பும் வால்வுகளும் போதும். நான்காவதாக ஒரு தொட்டி கட்டினாலும் 67 சதவீதத்தோடு நின்றுவிடும். செலவுக்கேற்ற பலன் இல்லை.

இவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் ஒரு நீர்வழி அதன் மிகக் குறுகலான இடத்தின் அளவுக்குத்தான் பயன்படும். இரண்டு அடுக்குக் கண்டெய்னர் போக, குறுக்கே போகும் சாலை, ரயில் பாலங்களுக்கு அடியில் 5.25 மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்காகப் பழைய பாலங்களை உயர்த்தும் வேலை 2003-க்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பெர்லினை ஒட்டிய கிளைன்மாக்னோ மதகைப் பெரிதாக்கும் திட்டத்தையோ 2010-இல் கைவிட்டார்கள்: சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், கப்பல்களும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.