மூன்று படிக்கு ஐந்தரை மீட்டர்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வந்துபோக வசதி எப்படி என்று பார்க்க, கிருஷ்ணகிரி பக்கம், பாறை மேட்டில் நிற்கிற ஒரு பள்ளிக்கு டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வசதிகளைக் கேட்கும் படிவத்தில் ‘சாய்தளம் உண்டா?’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, இருந்தது. படிக்கு 15 செ.மீ. வீதம் மூன்று படி, ஆக 45 செ.மீ. உயரம். அதை ஒட்டி 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிமென்ட் சரிவு. இடைவேளையில் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

உயரம் 1 என்றால் நீளம் 12. சாய்தளத்துக்கு இதுதான் அடிப்படைக் கணக்கு. 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் வேண்டும்.

ஏன் 12? பிள்ளையும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 60 கிலோ என்று வைப்போம். சமதளத்தில் அந்த எடையைத் தரையே தாங்கிக்கொள்ளும். சரிவில் அதில் ஒரு பங்கு நாற்காலியைக் கீழ்நோக்கி இழுக்கும். 12க்கு 1 சரிவில் அந்த இழுப்பு ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமம். இந்த 2 மீட்டர் சரிவிலோ 13 கிலோ. கையால் சக்கரம் உருட்டுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது ஆகிற காரியமா? உயரத்துக்கு ஏறும் மொத்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். நீளமான சாய்தளம் அதைச் சில்லறை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். செங்குத்தான சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாற்காலியின் எடைமையம் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும். சரிவு கூடக்கூட அது அச்சை நெருங்கும். தாண்டினால் முன்சக்கரம் தூக்கி, ஆள் மல்லாந்துவிடுவார்.

“அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏதுங்க சார்?” என்றார் மேஸ்திரி. நியாயமான கேள்வி. 2.7 மீட்டர் ஏறி, திரும்பி, மறுபடி 2.7 மீட்டர் ஏறலாம். நடுவில் 1.5 மீட்டருக்குச் சமதளம் விடவேண்டும். நாற்காலி வட்டமடித்துத் திரும்ப அவ்வளவு இடம் பிடிக்கும்.

வராந்தாவில் பளபளவென்று கிரானைட். நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்! ஆனால் பாலிஷ் போட்ட கல்லில் மழைநீர் மெல்லிய படலமாக நின்றால், செருப்பும் ஊன்றுகோலும் கல்லைத் தொடாமல் நீர்மேல் வழுக்கும். பாலிஷுக்குப் பதில் நெருப்பால் சுட்ட கல் போடலாம். கல்லிலுள்ள குவார்ட்ஸ் சுமார் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று உப்பும்; மேல்பரப்பு சிதறித் தெறித்துச் சொரசொரப்பாகும்.

அதே சாம்பல் கல்லைப் படிக்கும் போட்டிருந்ததால், எந்தப் படி எங்கே முடிகிறது என்று மாலை வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. பார்வை மங்கிய பிள்ளைக்கு நுணுக்கம் தெரியாவிட்டாலும் பளிச்சென்ற நிற வேறுபாடு பெரும்பாலும் தெரியும். ஒவ்வொரு படி விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தால் போதும். இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை இது. ஏனோ யாரும் செய்வதில்லை.

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நம் படிவங்களுக்கோ சக்கர நாற்காலி ஒன்றுதான் கண்ணில் படுகிறது. வகுப்பறையில் ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். கல் தரையிலும் கான்கிரீட் கூரையிலும் பட்டு ஓசை மீண்டும் மீண்டும் திரும்பி வந்தது. காதுக் கருவி எதிரொலியையும் சேர்த்தேதான் பெரிதாக்கும். பின்சுவரில் துணியோ மென்பலகையோ மாட்டினாலே கொஞ்சம் அடங்கும்.

கடைசியாகக் கழிப்பறை. 90 செ.மீ. இருக்கவேண்டிய வாசல் 75தான் இருந்தது. கதவும் உள்பக்கம் திறந்தது. உள்ளே யாராவது விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. நிலையைப் பெயர்த்துத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. எப்படியும் பெயர்க்கத்தான் போகிறார், வாசலையும் அப்போதே அகலமாக்கச் சொல்லி, சுவரில் 90க்குக் கரியால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.