நாய்ஸ் ராக்: இரைச்சலா, அழுங்கலா?

நாய்ஸ் ராக் என்ற ராக் இசை வகையைத் தமிழில் 'சத்த இசை' என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்ல ஓர் இசைத்தட்டைத் துணைக்கு அழைக்கிறேன்: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலிருந்து வந்த செரப்ஸ் என்ற மூவர் குழு 1994-இல் வெளியிட்ட 'ஹெராயின் மேன்'. பெரிதாக யாரும் கவனிக்காமல் போன தட்டு. இந்த வகையின் முழு வலிமையும் அதில் இருக்கிறது.

முதலில் பொருள். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற வழக்கமான ராக் கூட்டணிதான். ஆனால் மற்றவர்கள் துடைத்து எறியும் ஒலிகளை இவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வார்கள். மைக்கை ஒலிபெருக்கியின் முன்னால் கொண்டுபோனால் 'கீய்ங்' என்று கத்தும் அல்லவா? கிட்டாரிலும் அதே கதைதான். கம்பியின் அதிர்வு ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகப் பெருகி வெளியே வருகிறது. அந்தக் காற்றதிர்வு மீண்டும் கம்பியையே உலுக்குகிறது. அது மறுபடியும் பெருகுகிறது. கலைஞர் கம்பியைத் தொடாமலே ஊளை நீளும். கிட்டாரைச் சற்றுத் திருப்பினாலோ பெட்டியிலிருந்து ஓரடி விலகினாலோ அந்த ஊளையின் சுருதி மாறும். கைதவறி வந்ததாகத் தோன்றும் அந்த ஒலிக்குப் பின்னால் நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

பெயர் எப்படி வந்தது? 1970-களின் இறுதியில் நியூயார்க்கில், பழகிய ராக் பாணியை மறுத்த 'நோ வேவ்' குழுக்கள் இதற்கு வழி திறந்தன. 1981 ஜூனில் அதே நகரின் ஒயிட் காலம்ஸ் கலைக்கூடத்தில் கிட்டார் கலைஞர் தர்ஸ்டன் மூர் ஒரு விழா நடத்தினார். பெயரே 'நாய்ஸ் ஃபெஸ்ட்'. 'எல்லாம் வெறும் இரைச்சல்' என்று ஓர் இசை விடுதிக்காரர் ஒதுக்கித் தள்ளிய சொல்லைத்தான் விழாப் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள்.

'நாய்ஸ்' என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அதற்கு ஆரவாரம் என்றும் சண்டை என்றும் பொருள். வம்புக்கு இழுப்பதை இன்றைய பிரெஞ்சிலும் 'நுவாஸ் தேடுவது' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் முந்தைய வேர் லத்தீனின் 'நௌசியா', அதாவது கப்பல் பயணத்தில் வரும் குமட்டல் என்பது பலரும் ஏற்கும் கருத்து. குமட்டல், சண்டை, கூச்சல் என்ற இந்த வரிசையைப் பார்க்கும்போது, இசைக்குழுக்கள் அறியாமலே சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

தமிழில் இதற்கு நேர் நிற்கக்கூடியது பூசல். சங்கப் பாடல்களில் அது போரையும் குறிக்கும், பேரொலியையும் குறிக்கும். ஆனால் இன்று உட்கட்சிப் பூசல், குடும்பப் பூசல் என்று சண்டை மட்டும் தங்கி, ஒலி உதிர்ந்துவிட்டது. இனி அதை மீட்பது கடினம்.

சத்தம் ஏன் ஆகாது? வெடிச் சத்தம், கதவுச் சத்தம் என்று ஒருமுறை கேட்டு ஓய்வதையும் அது குறிக்கும். இரைச்சல் அப்படியல்ல. கடல் இரைகிறது, அருவி இரைகிறது. ஓயாமல், அடர்த்தியாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாமல் வருவது இரைச்சல். நாய்ஸ் ராக்கின் கிட்டார் அப்படித்தான் வருகிறது. ஆகவே வகைப்பெயராக 'இரைச்சல் ராக்' என்பதே என் தேர்வு. ராக்கை ராக்காகவே விடலாம். பாறை என்று பெயர்ப்பது பிழை. ஆடுதல், அசைதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது.

இப்போது செரப்ஸ். பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கிங் காஃபி நடத்திய டிரான்ஸ் சிண்டிகேட் என்ற சிறிய நிறுவனம்தான் 1992-இல் அவர்களின் முதல் தட்டான 'ஐசிங்'கையும், பிறகு 'ஹெராயின் மேன்'னையும் வெளியிட்டது. போதைப்பழக்கத்துக்குப் பலியான ஒரு நண்பரின் நினைவு அந்தத் தலைப்பில் இருக்கிறது. குழுவின் பாடகர் கெவின் விட்லியின் குரலைக் கேளுங்கள். சொற்கள் பிடிபடாது; குரலே நசுங்கிக் கிழிந்து, கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு வரும். அதன் அடியில் பேஸ் கனத்து இழுக்கும். திடீரென்று ஓர் இனிய மெட்டு தலைகாட்டும், நாம் பிடிப்பதற்குள் மூழ்கிவிடும். முதல் முறை காது கூசுகிறது. மூன்றாம் முறை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த இடத்தில் இரைச்சல் என்ற சொல் போதவில்லை. தொல்காப்பியம், சொற்பொருள் கூறும் உரியியல் பகுதியில் 'கம்பலை சும்மை கலியே அழுங்கல்' என்று நான்கு சொற்களைச் சொல்லி, நான்கும் அரவப் பொருள், அதாவது ஆரவார ஒலி என்ற பொருள், தரும் என்கிறது. அடுத்த நூற்பா ஒன்றை மட்டும் தனியே எடுத்து நிறுத்துகிறது: 'அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்.' ஆரவாரம், இரக்கம், அழிவு, மூன்றும் ஒரே சொல்லில். 'ஹெராயின் மேன்' எழுப்பும் ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

தட்டு வெளியான 1994-லேயே குழு கலைந்தது. இருபது ஆண்டு கழித்து மூவரும் மறுபடி கூடி, 2015-இல் '2 இன்ஃபினிட்டி' என்ற தட்டை வெளியிட்டார்கள். அதிலும் விட்லியின் குரல் கிட்டாருக்கு அடியிலிருந்துதான் வருகிறது.