ஃபேன் கிளட்ச்: சொல்லும் பொருளும் பழுதும்

‘ஃபேன் கிளட்ச் ஜாம் ஆகிவிட்டது’ என்று கனரக ட்ரக்கின் ஓட்டுநர் சொல்லும்போது, கேட்கும் மெக்கானிக்குக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கிறது. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறியை இன்ஜினோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பொறியே ஃபேன் கிளட்ச். அந்த விசிறி இன்ஜினோடு சேர்ந்து ஓயாமல் சுற்றுகிறதா, அல்லது இன்ஜின் கொதிக்கும் வேளையிலும் சுற்ற மறுக்கிறதா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இரண்டும் நேர் எதிரான பழுதுகள்; தேட வேண்டிய இடங்களும் வேறு வேறு. எனவே இந்தப் பெயரின் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வது பழுது பார்ப்பவருக்கும் பயன்படும்.

பழைய ஆங்கிலத்தில் ‘கிளிச்சன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. விரல்களை மடக்குதல், கையை இறுக மூடுதல் என்பது அதன் பொருள். அந்த வழியில் வந்த ‘கிளட்ச்’, உகிர்களால் பற்றுவதையும் கையின் இறுகிய பிடியையும் குறித்து வந்தது. சுழலும் இரண்டு உறுப்புகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பொறிக்கு அப்பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமைந்தது. பறவை ஒரே ஈட்டில் இடும் முட்டைகளையும் ஆங்கிலத்தில் கிளட்ச் என்பர். ஆனால், அது குஞ்சு பொரித்தலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது. தமிழில் கைப்பிடியும் ‘பிடி’, பெண் யானையும் ‘பிடி’ என்பதைப் போன்ற ஒலி ஒற்றுமை அது. ‘ஃபேன்’ என்பதன் மூலமோ தானியம் புடைக்கும் முறத்தைக் குறித்த ‘வன்னுஸ்’ என்ற இலத்தீன் சொல். இதற்கு நம்மிடம் ‘விசிறி’ இருக்கிறது. மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

சிக்கல் கிளட்ச்சில்தான். சொல்லின் வரலாறு முழுவதும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறது. பொறியின் சிறப்போ விடுவதில் இருக்கிறது. இரண்டு தண்டுகளை நிலையாகச் சேர்த்து வைப்பதற்குக் கிளட்ச் தேவையில்லை, நான்கு போல்ட்டுகள் போதும். வேண்டும்போது பிடித்து, வேண்டாதபோது விடுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. ட்ரக்கின் விசிறியில் இந்த விடுதல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். விசிறியின் வேகம் இரு மடங்கானால், அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. முழு வேகத்தில் சுற்றும் பெரிய விசிறி 40 குதிரைத்திறனுக்கும் மேல் விழுங்கக்கூடும். நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைப் பெரும்பாலும் குளிர்வித்துவிடுவதால், அந்த நேரத்தில் விசிறி இழுக்கும் டீசல் அத்தனையும் வீண்.

கிளட்ச்சுக்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் ‘உரசிணைப்பி’ பொருள் நயமுடையது. உராயும் தகடுகளால் இணைக்கும் கிளட்ச்சுக்கு, அதாவது ஓட்டுநர் காலால் மிதிக்கும் கிளட்ச்சுக்கு, அது நன்றாகப் பொருந்தும். காற்றழுத்தத்தால் இயங்கும் விசிறிக் கிளட்ச்சுக்கும் பொருந்தும். அதிலும் உராய்வுப் பட்டை உண்டு. ஆனால், பாகுநிலைக் கிளட்ச்சில் எதுவும் எதோடும் உரசுவதில்லை. நெருக்கமான வரிப்பள்ளங்கள் கொண்ட இரண்டு உலோக முகங்களுக்கிடையே பாகு போன்ற சிலிகோன் எண்ணெய் புகுந்து, ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்துகிறது. முன்புறமுள்ள ஈருலோகச் சுருள் ரேடியேட்டர் வழியாக வரும் சூடான காற்றை உணர்ந்து வால்வைத் திறந்தால் எண்ணெய் உள்ளே வரும். ஆறினால் சேமிப்பறைக்குத் திரும்பும். முழுதாகப் பிடித்த நிலையிலும் சிறிது வழுக்கல் இருந்துகொண்டேதான் இருக்கும். இதை உரசிணைப்பி என்பது இயற்பியலுக்கு முரண்.

‘பற்றி’ என்ற சொல் குறுகியது, வேருக்கும் நெருக்கமானது. ஆயினும் ‘விசிறிப் பற்றிப் பேசினோம்’ என்று எழுதினால், எழுதியவர் ‘ஐ’ உருபைத் தவறவிட்டார் என்றே வாசிப்பவர் நினைப்பார். ‘இணைப்பி’ என்பது விடுதலைச் சொல்லாமல் விடுகிறது. தவிரவும், இரண்டு தண்டுகளை நிலையாகச் சேர்க்கும் கப்ளிங்குக்கு அது தேவைப்படும். விடுத்தலும் பிணைத்தலும் சேர்ந்த ‘விடுபிணைப்பி’ என்பதே என் பரிந்துரை. உரசும் வகை, எண்ணெய் வகை, மின்காந்த வகை எல்லாவற்றையும் அது தாங்கும். ‘விசிறி விடுபிணைப்பி’, ‘பாகுநிலை விடுபிணைப்பி’ என்று அடைமொழியும் ஏற்கும். பணிமனையில் கிளட்ச் என்றே சொல்லட்டும், அதில் குறையொன்றுமில்லை. கையேடும் பாடநூலும் எழுதுவோருக்குத்தான் இந்தச் சொல் வேண்டும்.

இனி ‘ஜாம்’ என்பதற்கு வருவோம். இதற்குத் தனிக் கலைச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘விடவில்லை’ என்றும் ‘பிடிக்கவில்லை’ என்றும் இரண்டாகப் பிரித்துச் சொன்னால், பழுதைத் தேடும் வேலையில் பாதி அப்போதே முடிந்துவிடுகிறது.

விடாத விசிறி ஓசையால் தன்னைக் காட்டிக்கொள்ளும். இன்ஜின் வேகம் ஏறும்போதெல்லாம் முன்புறமிருந்து இரைச்சலும் ஏறும், டீசல் செலவு கூடும், ஏற்றத்தில் இழுவை குறையும். குளிர்வு நீரின் ஓட்டத்தைத் தெர்மோஸ்டாட் சரிப்படுத்திவிடுவதால் வெப்பமானி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை மட்டும் பார்த்து ஓட்டுபவர் இந்தப் பழுதோடு பல மாதங்கள் ஓட்டிவிடலாம். பாகுநிலை வகையில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சில நிமிடங்கள் இரைச்சல் வருவது பழுதன்று. இரவில் எண்ணெய், வரிப்பள்ள முகங்கள் உள்ள இயங்கறைக்குள் இறங்கி நின்றிருக்கும், சுற்றச் சுற்ற அது சேமிப்பறைக்குத் திரும்பிவிடும். அடங்காமல் தொடர்ந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

காற்றழுத்த வகையில் கிளட்ச்சைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விசிறியைச் சுற்றச் சொல்லி யாராவது ஆணையிட்டுக்கொண்டிருக்கிறார்களா? ஏசி வாயுவின் அழுத்தம் கூடினால் கட்டுப்பாட்டுக் கணினி விசிறியைப் பிடிக்கச் சொல்லும். குளிர்வு நீர்ச் சென்சாரின் கம்பி அறுந்தாலும், இன்ஜினைக் காக்கும் பொருட்டு அதையே சொல்லும். டாஷ்போர்டில் விசிறிக்கென்று சுவிட்ச் இருந்து, அது அழுந்தியே கிடப்பதும் உண்டு. மேலும், பல ட்ரக்குகளில் வில் பிடிக்கும், காற்று விடுவிக்கும். காற்று வராமல் போனால் இன்ஜின் கொதித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு. ஆகவே, ஒரு குழாய் கசிந்தாலோ, காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் வரிச்சுருள் வால்வின் (சோலனாய்டு வால்வு) ஃபியூஸ் போனாலோ குறைபாடில்லாத கிளட்ச்சும் விடாமல் நிற்கும். வால்வையும் கணினியையும் தவிர்த்துவிட்டு, சுமார் 6 பார் அழுத்தக் காற்றை வெளியிலிருந்து நேரே கிளட்ச்சுக்குக் கொடுத்துப் பார்ப்பதே தெளிவான சோதனை. இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்பு செய்ய வேண்டியது இது. விசிறி கையால் தள்ளத் தளர்வாகச் சுற்றினால் பழுது கிளட்ச்சுக்கு வெளியே இருக்கிறது. காற்று கொடுத்தும் அசையாமல் நின்றால், அல்லது கிளட்ச்சின் நடுப்பகுதியிலிருந்தே சீறல் கேட்டால், சீலோ பேரிங்கோ உள்ளே போய்விட்டது என்று கொள்ளலாம். சந்தேகமான இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் சிறு கசிவும் குமிழிடும்.

பிடிக்காத விசிறியில் அடையாளங்கள் தலைகீழ். சமதளத்தில் ஓடும் வரை தொந்தரவிராது. மெதுவாக ஏறும் ஏற்றத்திலும், சுமையோடு ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் வெப்பமானி ஏறும். நின்றபடி ஏசி போட்டால் குளிர்ச்சி குறையும். பாகுநிலை வகையில், நிறுத்திய இன்ஜினின் விசிறியைக் கையால் தள்ளினால் ஆறிய நிலையிலும் ஓரளவு எதிர்ப்பு தெரிய வேண்டும். ஒரு தள்ளலுக்குப் பல சுற்று தாராளமாகச் சுழன்றால் எண்ணெய் வெளியேறியிருக்கிறது. கிளட்ச்சின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, தூசு அப்பிய கரிய கீற்றுகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீரும். ஈருலோகச் சுருளில் சேறு இறுகியிருந்தாலோ, அதன் முனை பிடி விட்டிருந்தாலோ, எண்ணெய் குறையாதபோதும் வால்வு திறக்காது. இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பேரிங்கின் தேய்மானம் கையிலேயே தெரியும். இதைச் சரிபார்க்காமல் விட்டால் விசிறி ஒரு நாள் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

வழியில் மாட்டிக்கொண்டவருக்கு உதவ, காற்றழுத்தக் கிளட்ச்சுகள் பலவற்றில் பூட்டு போல்ட்டுகளுக்கான துளைகள் உண்டு. போல்ட்டுகளை முடுக்கினால் விசிறி கப்பியோடு நிலையாகச் சேர்ந்துவிடும். டீசல் கூடுதலாகப் போனாலும் இன்ஜின் கொதிக்காமல் பணிமனை வரை வந்து சேரும். ஆனால், போல்ட் முடுக்கப்பட்ட செய்தியை வண்டியின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இல்லையெனில், அடுத்து வரும் மெக்கானிக் அதை ‘விடாத கிளட்ச்’ என்று கருதி, வால்வையும் கம்பிகளையும் அரை நாள் சோதித்துக்கொண்டிருப்பார்.