உங்கள் விண்ணப்பமே வினாத்தாள்: கட்டுமான நிறுவன நேர்காணலுக்குச் செல்லும் பட்டதாரிகளின் கவனத்திற்கு

பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரிகள், நேர்காணலுக்கு முந்தைய நாள்களில் நான்காண்டுப் பாடங்களையும் மீண்டும் புரட்டிப் பார்க்கிறார்கள்; ஆனால் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை மட்டும் பெரும்பாலோர் திரும்பப் படிப்பதில்லை. தேர்வுக் குழுவில் பல ஆண்டுகளாக அமர்ந்து வருபவன் என்ற முறையில், இது எவ்வளவு பெரிய கவனக்குறைவு என்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். எங்கள் மேசைமீது பாடநூல் எதுவும் இருக்காது. உங்கள் விண்ணப்பத்தின் ஒரு படியும், வெற்று மதிப்பெண் தாளும் மட்டுமே இருக்கும். எனவே எங்கள் கேள்விகளில் பெரும்பகுதி நீங்கள் எழுதிய வரிகளிலிருந்தே எழும். அந்த வகையில் வினாத்தாளை முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்திருப்பவர் நீங்கள்தான்.

பெரிய நிறுவனங்களில் தேர்வு பல கட்டங்களாக நடைபெறும். இணையவழி விண்ணப்பம், எண்ணியல் மற்றும் தருக்கத் திறன் தேர்வு, சில இடங்களில் பதிவுசெய்து அனுப்பும் காணொளி நேர்காணல், பிறகு குழு விவாதம், இறுதியில் துறைசார் நேர்காணல் என்பது பொதுவான வரிசை. முதல் கட்டத்தில் உங்கள் தாளைப் பார்ப்பவர் பெரும்பாலும் மனிதவளத் துறையைச் சேர்ந்தவர். கல்வித் தகுதி, தேர்ச்சி ஆண்டு, கேட்ட சான்றுகள் ஆகியவை சரியாக உள்ளனவா என்றே அவர் பார்ப்பார். கடைசிக் கட்டத்தில் பார்ப்பவர் கட்டுமானத் தளத்தை நடத்திப் பழகிய பொறியாளர். ஒரே தாள் இவ்விருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், முன்னவருக்காகப் படிவத்தின் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாமலும், பின்னவருக்காக ஒரு வரியையும் மிகைப்படுத்தாமலும் எழுத வேண்டும். அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு முன்பே போதிய விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டால் வாயிலை மூடிவிடும் நிறுவனங்களும் உண்டு என்பதால், கடைசி இரவுவரை காத்திருப்பது தேவையற்ற துணிச்சல்.

‘எந்தப் பிரிவிலும் பணியாற்றத் தயார்’ என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். படிப்பவருக்கோ அது, இந்த நிறுவனத்தில் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்பதையே இவர் பார்க்கவில்லை என்பதற்கான ஒப்புதலாகத் தெரியும். தளச் செயலாக்கம், வடிவமைப்பு, திட்டமிடல், அளவீடும் பில் தயாரிப்பும், டெண்டர், தரக் கட்டுப்பாடு, பாதுகாப்பு, இயந்திரங்கள் என்று பிரிவுகள் பல இருக்கின்றன; ஒவ்வொன்றும் வேறுவகையான மனிதரைக் கேட்கிறது. எண்களோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கக்கூடியவர் அளவீட்டுப் பிரிவில் மலர்வார். வெயிலில் நாள் முழுவதும் நின்று பலரோடு பேசி வேலை வாங்கக்கூடியவர் தளத்தில் நிலைப்பார். இரண்டு பிரிவுகளைக் குறிப்பிட்டு, அவற்றில் ஏன் ஆர்வம் என்பதை உங்கள் படிப்பிலோ பயிற்சியிலோ நடந்த ஒன்றைக் கொண்டு விளக்கினால் அதுவே போதும்.

அண்மைக் காலமாக வேறொரு தொல்லை. விண்ணப்பக் கடிதங்கள் பலவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதப்பட்டு, ஒரே அச்சில் வார்த்தவை போல வந்து சேர்கின்றன. கருவியின் உதவியோடு எழுத்துப்பிழை திருத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது இட்டுக்கட்டிய ஆர்வத்தையும் அனுபவத்தையும் உங்கள் பெயரில் அனுப்பினால், அந்த வரிகளைப் பற்றி நாங்கள் கேட்கும்போது அறையில் தனியாக இருக்கப்போவது நீங்கள்.

இனி, எங்கள் பொழுதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன்: உள்ளகப் பயிற்சியும் இறுதியாண்டுத் திட்டப்பணியும். ‘பல மாடிக் கட்டடத்தில் கான்கிரீட் பணிகளை மேற்பார்வையிட்டேன்’ என்ற வரி ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. சில வாரப் பயிற்சிக்கு வந்த மாணவரிடம் எந்தத் தளத்திலும் மேற்பார்வையை ஒப்படைக்க மாட்டார்கள் என்பது, அந்த அறையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். எனவே நாங்கள் மெல்லத் தோண்டத் தொடங்குவோம். அன்று கான்கிரீட் இடப்பட்டது தூணிலா, மாடித் தளத்திலா? லாரி வந்ததும் முதலில் என்ன செய்தார்கள்? ஈரக் கான்கிரீட்டின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனையில், கூம்பைத் தூக்கிய பிறகு எதை அளந்தார்கள்? வலிமையைப் பார்க்க அதே கான்கிரீட்டில் வார்க்கும் சோதனைக் கட்டிகளை எடுத்தது யார், எத்தனை நாள் கழித்து அழுத்திப் பார்த்தார்கள்? இவற்றில் எதுவும் கடினமான கேள்வி இல்லை. அங்கே கண்ணைத் திறந்து நின்ற எவரும் பதில் சொல்லிவிடலாம். ‘மேற்பார்வையிட்டவர்’ பல நேரம் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறி, பாடநூலில் உள்ள வரையறையை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்.

இதற்கு மாறாக, ‘சோதனைக் கட்டிகளில் அடையாளம் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், படிப்பதற்கு அது மிகச் சிறிய வேலையாகத் தோன்றும். அவரிடம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், கான்கிரீட் இட்ட நாள், கலவையின் தரம், கட்டடத்தின் எந்தப் பகுதிக்குச் சென்ற கான்கிரீட் என்ற மூன்றையும் சொல்வார். அந்த மூன்றாவது விவரம் எதற்கு என்று கேட்டால், 28ஆம் நாள் சோதனையில் கட்டி எதிர்பார்த்த வலிமையைத் தராமல் போனால், எந்தத் தூணைப் போய்ப் பார்ப்பது என்பதே தெரியாமல் போய்விடும் என்பார். இப்படிப் பதில் சொல்லும் ஒருவரை நான் தயங்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவேன். ஆவணம் எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுமானத் துறையில் புதியவரிடம் முதல் ஆண்டில் ஒப்படைக்கப்படும் வேலையில் பாதி, சரியான பதிவை உரிய நேரத்தில் எழுதி வைப்பதே. எனவே செய்த சிறிய வேலையைச் சிறியதாகவே, ஆனால் துல்லியமாக எழுதுங்கள்.

திட்டப்பணியிலும் இதே கதைதான். நால்வர் சேர்ந்து செய்த பணியில் உங்கள் பங்கு என்ன என்பதைத் தனியே எழுதியிருக்க வேண்டும். மென்பொருளில் ஒரு கட்டடத்தைப் பகுப்பாய்வு செய்ததாக எழுதியிருந்தால், அதில் ஏதேனும் ஓர் உத்தரத்தின் வளைவுத் திருப்புத்திறனை, அதாவது சுமை அதை எவ்வளவு வளைக்க முயல்கிறது என்பதன் அளவை, காகிதத்தில் தோராயமாகப் போட்டுக் காட்டச் சொல்வோம். விடை அணுவளவும் பிசகாமல் வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மென்பொருள் கொடுத்த எண் நம்பத்தக்கதா என்று சோதிக்கும் பழக்கம் உண்டா என்பதையே பார்க்கிறோம்.

அடிப்படைக் கேள்விகளைப் பற்றியும் ஒரு சொல். கம்பியின் எடையைக் கேட்டால், மில்லிமீட்டரில் அதன் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுக்க வேண்டும் என்று எல்லோரும் உடனே சொல்கிறார்கள். 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.58 கிலோ என்ற விடையும் வந்துவிடுகிறது. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடன் அறை அமைதியாகிவிடுகிறது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. அதை வட்டத்தின் பரப்போடு பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றினால் அந்த எண் தானே வந்து நிற்கும். மனப்பாடம் செய்த சூத்திரங்கள் பத்தைக் காட்டிலும், இப்படி அடிவரை சென்று பார்த்த ஒன்று உங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வாங்கித் தரும்.

பாதுகாப்புக் கேள்விகளைச் சடங்கு என்று எண்ணித் தலைக்கவசம், காலணி, இடுப்புப் பட்டை என்று அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் மிகுதி. நான் வழக்கமாகக் கேட்பது வேறு. கான்கிரீட் லாரி வாசலில் நிற்கிறது. மாடித் தளத்தின் கான்கிரீட்டை வார்ப்பதற்கான பலகை அடைப்பைத் தாங்கும் முட்டுகளில் சில, அடித்தகடு இல்லாமல் இளகிய நிரப்பு மண்ணின்மேல் நிற்பதைப் பார்க்கிறீர்கள். நேரமாகிறது, தொடங்கலாம் என்று அனுபவம் மிக்க ஃபோர்மேன் அவசரப்படுத்துகிறார். பணியில் சேர்ந்து ஒரு மாதமே ஆன நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்’ என்பது அரைப் பதில். அவர் வந்து சேரும் வரை கான்கிரீட் போய்க்கொண்டிருக்குமா, நிற்குமா என்பதே கேள்வி. நல்ல பதில் சொன்ன சிலர் கணக்கிலிருந்து தொடங்கினார்கள்: 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஈரக் கான்கிரீட் மட்டுமே ஏறத்தாழ 360 கிலோ, அதன்மேல் ஆள்களும் கருவிகளும், மண் அமிழ்ந்தால் அந்தச் சுமை பக்கத்து முட்டுகளுக்குத் தாவும். ஆகவே தொடங்க விடமாட்டேன், அதே நேரத்தில் தளப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைப்பேன், நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் பதிவேன் என்றார்கள்.

இது துணிச்சலைச் சோதிக்கும் கேள்வி என்று சிலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல. உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருக்கும்போது பணியிடத்திலிருந்து விலகிக்கொள்ளும் தொழிலாளியைப் பாதகமான விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. கட்டுமானத் துறைக்கென்றே 1988இல் வந்த உடன்படிக்கை, அத்தகைய நேரத்தில் வேலையை நிறுத்தும் கடமையை வேலை கொடுப்பவர்மீது வைக்கிறது. தளத்தில் வேலை கொடுப்பவரின் சார்பில் நிற்பவர் நீங்கள்; எனவே வேலையை நிறுத்துவது உங்கள் பணியின் ஒரு பகுதி. இப்படிப்பட்ட பதிலுக்கு முகம் சுளிக்கும் தேர்வுக் குழுவை நீங்கள் சந்தித்தால், அந்த நிறுவனத்தில் சேர்வது பற்றி இரண்டு முறை யோசிப்பதில் தவறில்லை.

உடை, கைகுலுக்கல், குழு விவாதத்தில் உரக்கப் பேசுவது ஆகியவற்றைப் பற்றி அறிவுரை கூறுவோர் ஏராளமாக இருக்கிறார்கள். நேர்த்தியாக வந்து, அடுத்தவரைப் பேசவிட்டால் போதுமானது. தெரியாத கேள்விக்குத் ‘தெரியவில்லை, ஆனால் இந்த வழியில் கண்டுபிடிக்க முயல்வேன்’ என்பது மதிப்பெண்ணைக் குறைக்காது. இறுதியில், ஏதேனும் கேட்க வேண்டுமா என்று நாங்கள் கேட்கும்போது, முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பிரிவுகளில் சுழற்சி முறையில் பயிற்சி தருவீர்கள், என் பணியை யார் மதிப்பிடுவார் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் பிற்பாடு உங்களுக்கே பயன்படும்.

நிறுவனம் உங்கள் தாளை வரிவரியாகச் சோதிப்பது போலவே, நிறுவனத்தின் பெயரில் வரும் தாளை நீங்களும் சோதிக்க வேண்டும். பெரிய கட்டுமான நிறுவனங்களின் பெயரைப் பயன்படுத்திப் போலிப் பணி ஆணைகள் உலவுகின்றன. குறுஞ்செய்திச் செயலியிலேயே ‘நேர்காணல்’ முடிந்துவிடும். ஒன்றிரண்டு நாளில் முத்திரையோடு கடிதம் வரும். அடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு, சீருடைக்கு, விசாவுக்கு என்று பணம் கேட்பார்கள். பணியமர்த்தும் கட்டணத்தையோ அது சார்ந்த செலவையோ வேலை தேடுபவர் தலையில் சுமத்தக் கூடாது என்பது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016இல் வகுத்த நியாயமான பணியமர்த்தல் கோட்பாடுகளில் ஒன்று. கடிதத்தில் உள்ள எண்ணுக்கே திருப்பி அழைத்து உறுதிசெய்வதில் பயனில்லை. நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்குள்ள எண்ணில் மனிதவளத் துறையை அழையுங்கள். மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னுள்ள பகுதியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பது அங்கேதான் தெரியும்.

ஆணை உண்மையானதாகவே இருந்தாலும், கையொப்பமிடுவதற்கு முன் பணியிடம் எது, வேறு தளங்களுக்கு மாற்றும் நிபந்தனை என்ன, தகுதிகாண் காலம் எவ்வளவு, வேலை நேரமும் கூடுதல் நேர ஊதியமும் எப்படி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன் விலகினால் தொகை செலுத்த வேண்டுமா என்பவற்றைப் படித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகும் அவற்றை நிறுவனமே வைத்துக்கொள்ளும் என்று யாராவது கூறினால், அது எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை கையொப்பமிடாதீர்கள்.